கடைசி ட்யூப்

இது கட்டுக்கதை இல்லை. இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம், மே மாதம் பதினாறாம் தேதி, புதன்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு நடந்தது. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும், நாய் ஊளையிடும், மல்லிகைப்பூ வாசம் அடிக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கூட நான்கு பேர் இருந்தார்கள். அத்தனை பேர் இருக்கும்போதுதான் கலாவதிக்கு அது நடந்தது. சந்தேகம் இருப்பவர்கள் கிருபாராணியைக் கேட்டுக்கொள்ளலாம். வேதாகமத்தைத் தவிர எதையும் லேசில் நம்பாத ஆள் அவள். இதை நம்புகிறாள்.

கலாவதி உடுமலைப்பேட்டைக்காரி. கல்யாணமாகி டெக்சாஸுக்கு வந்து, ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் குடியிருந்தாள். கணவன் பசுபதிக்கு ஆயில் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. கலாவதிக்கு உலகத்தில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு அக்கா. பெயர் சாரதா. ஏழு வயதில் அம்மா போனபிறகு கலாவுக்குத் தலை பின்னிவிட்டது, சோறு ஊட்டியது, பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தியது எல்லாம் சாரதாதான். அந்த சாரதாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் கோயம்புத்தூருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தாள். பிப்ரவரி மாதம் டாக்டரே கையை விரித்துவிட்டார்.

"ஏனுங்க, நான் ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்தர்றனுங்க" என்று கலா கேட்டாள்.

"பேப்பர் வரட்டும் அம்மிணி" என்றான் பசுபதி. "கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருக்கோம். இப்ப நாட்ட விட்டு வெளிய போகணும்னா அட்வான்ஸ் பரோல்னு ஒரு பேப்பர் வேணும். அது இல்லாம கால வெளிய வெச்சா மொத்த அப்ளிகேஷனும் அவுட். பேப்பர் வந்த அன்னிக்கே உன்ன ஃப்ளைட் ஏத்தி விடறேன். ப்ராமிஸ்."

நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? கேட்டியில் அந்த நாளில் எந்த வீட்டில் மனைவி அந்த ஃபைலைத் திறந்து பார்த்தாள்? பாஸ்போர்ட், வக்கீல் கடிதம், போட்டோ எல்லாம் ஒரு பச்சை ஃபைலில் இருக்கும். ஃபைல் கணவன் பொறுப்பு. கையெழுத்துப் போடு என்றால் போடுவார்கள், அவ்வளவுதான். கலாவும் தினமும் தபால்பெட்டியைப் பார்ப்பாள். பேப்பர் வரவில்லை. மார்ச் போனது, ஏப்ரல் போனது.

ஏப்ரல் கடைசியில் பசுபதி வேறொன்றைக் கொண்டுவந்தான். கப்பல் டிக்கெட். கால்வெஸ்டனில் ஏறி, மெக்சிகோ, பெலீஸ் எல்லாம் சுற்றி, ஏழாம் நாள் கால்வெஸ்டனிலேயே இறங்குவது. பக்கத்துத் தெரு சாந்தகுமாரும் அவன் மனைவி கிருபாராணியும் கூட வருகிறார்கள்.

"பெலீஸ் வெளிநாடு தானுங்களே? அதுக்கு மட்டும் பேப்பர் வேண்டாமா?" என்று கேட்டாள் கலா.

"கப்பல்ல போயிட்டு அதே கப்பல்ல திரும்பி வந்தா வெளிய போன மாதிரியே இல்ல. எல்லாம் விசாரிச்சுட்டேன். நீ மூணு மாசமா அழுது அழுது பாதியா போயிட்ட. ஒரு வாரம் சிரிச்சுட்டு வரலாம் வா."

கிளம்புவதற்கு முதல் நாள் அக்காவிடம் போனில் பேசினாள். சாரதாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "போயிட்டு வா கண்ணு. நீ வந்து பாக்கற வரைக்கும் நான் எங்கியும் போகமாட்டேன்" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு.

புதன்கிழமை. கப்பல் பெலீஸ் கரைக்கு வெளியே நின்றிருந்தது. கலா பாத்ரூமில் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். ஆறரை மணி. அறையில் போன் அடித்தது.

ஒரே மணியில் பசுபதி எடுத்துவிட்டான். "ம்... ம்... சரிங்க... இல்லீங்க, முடியாதுங்க... சரிங்க." வைத்துவிட்டான்.

"யாருங்க?" என்று கேட்டுக்கொண்டே கலா வெளியே வந்தாள்.

"ஆபீஸ். சர்வர் ப்ராப்ளம். நம்ம சபரி கூப்பிட்டான்."

சபரி இவனுக்குக் கீழே வேலை பார்க்கிற பையன். அவனுக்கா இத்தனை 'ங்க'? சரி, கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள் நாய்க்குட்டியைக் கூப்பிட்டாலும் 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவான் என்று கலா தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

பசுபதி நேராக பாத்ரூமுக்குள் போனான். ஷவர் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"இப்பத்தானுங்களே குளிச்சீங்க? மறுபடியும் தலைக்கு ஊத்திட்டு வர்றீங்க?"

"வேர்த்துச்சு" என்றான். அறையில் ஏசி குளிரில் கலா சால்வை போர்த்தியிருந்தாள்.

காலைச் சாப்பாட்டில் அவன் காபி மட்டும் குடித்தான். கரைக்குப் படகில் போனார்கள். பஸ்ஸில் ஏறியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். எட்டு வருடக் கல்யாணத்தில் நாலு பேர் பார்க்க அவன் கையைப் பிடித்ததே கிடையாது.

"என்ன அண்ணே, செகண்ட் ஹனிமூனா?" என்று கிருபாராணி முன் சீட்டிலிருந்து திரும்பிக் கேலி செய்தாள். பசுபதி சிரித்தான். அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. கலாவுக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. பாவி, சந்தோஷமாக இருந்தாள்.

அங்கே குகைக்குள் ஓர் ஆறு ஓடுகிறது. அதில் லாரி ட்யூப் மாதிரிப் பெரிய ரப்பர் ட்யூபில் உட்கார்ந்து மிதந்துகொண்டே போக வேண்டும். அதற்குத்தான் அத்தனை தூரம். தலைக்கு ஒரு விளக்கு, உடம்புக்கு ஒரு மிதவை ஜாக்கெட், தோளில் ட்யூப் என்று காட்டுக்குள் முக்கால் மணி நேரம் நடந்தார்கள். வழிகாட்டி ஹெக்டர் என்ற வாட்டசாட்டமான ஆள். எல்லாரும் ஒரே சங்கிலியாகப் போக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். பின்னால் வருகிறவர் தன் இரண்டு கால்களையும் முன்னால் இருப்பவரின் இரண்டு அக்குளுக்கும் அடியில் நீட்ட வேண்டும். முன்னால் இருப்பவர் அந்தக் கால்களைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படியே கோத்துக்கொண்டு போனால் யாரும் தொலைந்துபோக மாட்டார்கள்.

கலாவுக்கு நீச்சல் தெரியாது. "நான் உன் பின்னாலதான் வருவேன். என் கால உன் கையில வெச்சுக்க. பயப்படாத" என்றான் பசுபதி.

பிறகு ஒன்று சொன்னான். "ஏறதுக்கு முன்னாடி தலையோட ஒரு முழுக்கு போட்டுரு."

"எதுக்குங்க? முடி காயாது."

"போடு அம்மிணி. சொன்னா கேளு."

கண்டிப்பாகச் சொன்னான். இது என்னடா வம்பு என்று கலா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆற்றில் முங்கி எழுந்தாள். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. அவள் எழுந்தபோது பசுபதி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான்.

முதல் குகை ஒன்றும் செய்யவில்லை. முன்னால் ஹெக்டர், பிறகு சாந்தகுமார், கிருபாராணி, கலா, அவளுக்குப் பின்னால் பசுபதி. அவன் கால்கள் இரண்டு பக்கமும் கதகதப்பாக, ஈரமாக, ரோமத்தோடு அவள் கைகளுக்குள் இருந்தன. விளக்கு வெளிச்சத்தில் சுண்ணாம்புப் பாறைகள் தொங்குவதைப் பார்த்து கிருபாராணி அல்லேலூயா என்றாள்.

இரண்டு குகைகளுக்கும் நடுவில் வெயிலில் ஆறு கொஞ்சம் இறங்கி ஓடியது. அங்கே சங்கிலி அறுந்துவிட்டது. ட்யூப்கள் சுற்றின. கலா கத்தினாள். ஹெக்டர் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து, "லாக் அப், லாக் அப்!" என்று அவசரமாகக் கோத்துவிட்டான். கலாவின் கால்கள் கிருபாராணியின் கைகளுக்குள் போயின. பின்னால் ஒரு ட்யூப் வந்து மெத்தென்று இடித்தது. வந்துவிட்டார் என்று கலா நிம்மதியானாள். ஜாக்கெட் கழுத்தை இறுக்கியிருந்ததால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

இரண்டாவது குகை. உள்ளே போகப் போகக் குளிர் ஏறியது. எங்கோ தண்ணீர் சொட்டியது.

டொப்... டொப்... டொப்...

கலா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபது. அவளுக்கு ஒரு பழக்கம். எந்த நேரத்தைப் பார்த்தாலும் மனசு உடனே ஊர் நேரத்துக்குக் கணக்குப் போடும். பெலீஸில் பதினொன்றரை மணி நேரம் கூட்ட வேண்டும். உடுமலையில் ராத்திரி பத்து ஐம்பது. அக்கா இந்நேரம் படுத்திருப்பாள் என்று நினைத்தாள்.

"இப்போது எல்லோரும் விளக்கை அணையுங்கள்" என்று ஹெக்டர் இங்கிலீஷில் சொன்னான். "ஒரு நிமிடம். பேசக்கூடாது. உண்மையான இருட்டு எப்படி இருக்கும் என்று பாருங்கள்."

ஒவ்வொரு விளக்காக அணைந்தது.

கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். அப்படி ஓர் இருட்டு.

அப்போது கால்கள் வந்தன.

இரண்டு பக்கமும் வரவில்லை. இரண்டும் சேர்ந்து வலது அக்குளுக்குள்ளேயே வந்தன.

"ஏனுங்க... ரெண்டு காலையும் ஒரே பக்கம் வெச்சிருக்கீங்க?" என்று கிசுகிசுத்தாள்.

இடது கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. ஆற்றில் வருகிற கால் ஜில்லென்றுதான் இருக்கும். ஆனால்...

ஈரமே இல்லை.

அவள் உடம்பு முழுக்கத் தண்ணீர். ட்யூப் முழுக்கத் தண்ணீர். அந்தக் கால்கள் மட்டும் துடைத்துவைத்தது மாதிரிக் காய்ந்திருந்தன.

விரல்களில் ஏதோ சுற்றியிருந்தது. கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து, துணியால், இறுக்கி.

ட்யூபில் கட்டியிருந்த துணி எதுவோ காலில் சுற்றிக்கொண்டுவிட்டது, அதனால்தான் காலைப் பிரித்து வைக்க முடியவில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஐயோ பாவம் என்று அவிழ்க்கத் தொடங்கினாள். ஒரே முடிச்சுதான். நகத்தால் நிமிண்டினாள். இளகியது. உருவிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கால்கள் பிரிந்தன. ஒன்று வலது பக்கம் இருந்தது. இன்னொன்று மெதுவாக இடது பக்கம் வந்தது.

கை பட்டது.

ரோமம் இல்லை.

இரண்டாவது விரலில்... மெட்டி.

பசுபதி மெட்டி போடுகிற ஆளா? கிருபாராணி மெட்டி போடமாட்டாள். அவள் முன்னால்தான் இருக்கிறாள்.

டொப்... டொப்...

விரல்கள் தானாக நகர்ந்தன. மூன்றாவது விரல். நாலாவது விரல். சுண்டுவிரல்...

சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறிப் படுத்திருந்தது.

அந்த விரலை அவளுக்குத் தெரியும்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் ராத்திரி உட்கார்ந்து பிடித்துவிட்ட கால் அது.

"அக்கா..."

கால் விரல்கள் ஒரு தடவை மடங்கின. கூச்சம் வந்தால் சாரதா மடக்குவாளே, அப்படி.

கலா வீறிட்டாள்.

விளக்குகள் எரிந்தன. எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "என்னாச்சு? கலா, என்னாச்சு?" என்று பசுபதியின் குரல் கேட்டது.

முன்னாலிருந்து கேட்டது.

அவன் ஹெக்டருக்கு அடுத்து, சங்கிலியின் முதல் ட்யூபில் இருந்தான். சங்கிலி அறுந்தபோது முன்னால் போய்விட்டிருந்தான். கலா உடம்பை முறுக்கிப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஒரு ட்யூப் இருந்தது. அதில் யாருமில்லை.

"அது ஸ்பேர் ட்யூப் மேடம்" என்றான் ஹெக்டர். "எப்போதும் கடைசியில் ஒன்று காலியாகக் கட்டிவைப்பேன்."

கலாவின் வலது கை மூடியிருந்தது. திறந்து பார்த்தாள். நான்கு விரல் அகலத்தில் ஒரு வெள்ளைத் துணி. ஓரத்தில் பச்சைக் கரை. சொட்டு ஈரம் இல்லை. மஞ்சள் வாசம் அடித்தது. கிருபாராணியும் அதைத் தொட்டுப் பார்த்தாள். இன்றைக்கும் அவள் சாட்சி.

கப்பலுக்குத் திரும்பியதும் கலா செய்த முதல் காரியம், ஊருக்கு போன் போட வேண்டும் என்றதுதான்.

"சேட்டிலைட் போன் வேலை செய்யலையாம், இப்பத்தான் கேட்டேன்" என்றான் பசுபதி. "நீ பயந்துட்ட, அவ்வளவுதான். அந்தத் துணி யாராவது டூரிஸ்ட் விட்டுட்டுப் போனதா இருக்கும். தூக்கிப் போடு."

தூக்கிப் போடவில்லை. பிளாஸ்டிக் பையில் போட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அப்புறம் நான்கு நாட்கள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு ஐந்துக்கு கால்வெஸ்டன் இமிக்ரேஷன் கவுன்டரில் நின்றார்கள். அதிகாரி பாஸ்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். பசுபதி அந்தப் பச்சை ஃபைலைத் திறந்து இரண்டு தாள்களை நீட்டினான். அதிகாரி முத்திரை குத்தினார். ஒன்றை அவனிடம் கொடுத்தார். இன்னொன்றை, முறைப்படி, அதற்குச் சொந்தக்காரியான கலாவின் கையிலேயே கொடுத்துவிட்டார்.

தாளில் அவள் போட்டோ இருந்தது. பெயர் இருந்தது. அட்வான்ஸ் பரோல் என்று இருந்தது.

தேதி, மார்ச் ஒன்பது.

இரண்டு மாதம். இரண்டு மாதமாக அந்தத் தாள் அவள் வீட்டில், அவள் தூசி தட்டுகிற அலமாரியில், அந்த ஃபைலில் இருந்திருக்கிறது. அவள் தினமும் தபால்பெட்டியைப் போய்ப் பார்த்திருக்கிறாள்.

தாளைக் கையிலேயே பிடித்தபடி காரில் ஏறினாள். ஃப்ரீவேயில் ஏறியதும், "மார்ச்லயே வந்துருச்சுங்களா?" என்றாள்.

"வக்கீல் ஆபீஸ்ல இருந்து நேரா என் கைக்கு வந்துச்சு. கலா, உன் நல்லதுக்குத்தான்... ஆபீஸ்ல லே-ஆஃப் போயிட்டிருக்கு. நீ போனா அக்காவ விட்டுட்டு ஆறு மாசம் வரமாட்ட. நடுவுல கிரீன் கார்டு இன்டர்வியூ வந்தா என்ன பண்றது? கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம்னு..."

"நாளைக்கு ஃப்ளைட் போடுங்க. நான் அக்காவப் பாக்கணும்."

பசுபதி காரை ஓரம் கட்டினான். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். புதன்கிழமை காலை கப்பலுக்கு வந்த போன் எது என்று அப்போதுதான் சொன்னான்.

கலா அழவில்லை. அவளுக்கு அந்த நேரத்தில் ஷவர் சத்தம்தான் ஞாபகம் வந்தது. சாவுச் செய்தி கேட்டவன் தலைக்குக் குளித்திருக்கிறான். தன் தீட்டைக் கழித்துக்கொண்டு, அவளையும் ஆற்றில் முங்கச் சொல்லிக் கழிக்கவைத்திருக்கிறான். முடி காயாது என்று சிணுங்கிக்கொண்டே, அக்கா செத்ததற்கு அவள் தலை முழுகியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் உடுமலைக்கு போன் போட்டாள். அக்கா புருஷன் வெள்ளியங்கிரி மாமா எடுத்தார்.

"அம்மிணி..." என்று உடைந்துபோனார். "புதன்கிழமை மத்தியானம் ரெண்டரைக்குப் போயிட்டா. கடைசி வரைக்கும் உன் பேரத்தான் சொல்லீட்டு இருந்தா. நீ வர்றதா இருந்தா ரெண்டு நாள் ஐஸ் பெட்டில வெக்கறேன்னு மாப்பிள்ளைகிட்டச் சொன்னேன். உனக்குப் பேப்பர் வரலே, வர முடியாது, காலைல எடுத்துருங்கன்னு சொல்லிட்டாரு. உன்கிட்ட இப்பச் சொல்ல வேண்டாம்னும் சொன்னாரு."

கலா எதிரில் நின்ற பசுபதியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மாமா குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், பயந்துக்காத. அன்னிக்கு ராத்திரி அவளச் சுத்தி உக்காந்திருந்தோம். திடீர்னு கரண்ட் போச்சு. கரண்ட் போனா பரவால்ல, தலைமாட்டு விளக்கும் சேர்ந்து அணைஞ்சுது. காத்தே இல்ல. ஒரு நிமிசந்தான். மறுபடி வெளிச்சம் வந்து பாத்தா... கால் விரல் கட்டு இல்ல. துணியே இல்ல. காலு ரெண்டும் பிரிஞ்சு கிடக்குது. வீடு முழுக்கத் தேடினோம். கிடைக்கவே இல்ல. வேற துணி கிழிச்சுக் கட்டினோம்."

"எத்தன மணிங்க மாமா?"

"பத்து அம்பது. கரண்ட் வந்ததும் கடிகாரத்தப் பாத்தேன்."

"என்ன துணிங்க மாமா?"

"என் வேட்டிதான். கட்டியிருந்ததுலயே கிழிச்சேன். பச்சைக் கரை. ஏன் அம்மிணி?"

கலா போனை வைத்தாள். கைப்பையைத் திறந்து பிளாஸ்டிக் பையை எடுத்தாள். துணியை டைனிங் டேபிளில் விரித்து, அதற்குப் பக்கத்தில் அந்த அட்வான்ஸ் பரோல் தாளையும் வைத்தாள்.

"நீங்க சொல்லலீங்க" என்றாள். "அவ வந்து சொல்லிட்டுப் போயிருக்கா."

பசுபதியால் அந்த மேஜைப் பக்கம் வர முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு கலா விமானம் ஏறினாள். ஒரு டிக்கெட்தான். கிருபாராணிதான் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டாள். பச்சை ஃபைலையும் கலா எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உடுமலையில் மாமா அந்த வேட்டியைத் துவைக்காமல், மடித்து, அலமாரியில் வைத்திருந்தார். நான்கு விரல் அகலத்துக்கு ஓரத்தில் கிழிந்திருந்தது. கலா தன்னிடமிருந்த துணியை அந்தக் கிழிசலோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள்.

நூலுக்கு நூல் பொருந்தியது.